ஆய்வுக் குழு பார்க்காத வகுப்பு

பி.எட். கல்லூரிக்கு ஆய்வுக் குழு வரும் நாளில் முன்னால் நடப்பவர் வீடியோக்காரர். தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் விதிப்படி ஆய்வு முழுவதையும் படம்பிடிக்க வேண்டும். கேமரா வாசல் பலகையில் தொடங்கும். வகுப்பறை, நூலகம், சைக்காலஜி லேப், கழிப்பறை, தீயணைப்பான் என்று ஒவ்வொன்றாகப் போகும். பின்னால் வரும் இருவரோ மூவரோ கையிலுள்ள படிவத்தில் டிக் போட்டுக்கொண்டே வருவார்கள். 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்க வேண்டியதையெல்லாம் எண்களில் சொல்லிவிட்டன. நிலம் 2,500 சதுர மீட்டர், அதில் கட்டடம் 1,500 சதுர மீட்டர், ஆண்டுக்கு 100 இடங்களுக்கு முதல்வரையும் சேர்த்து 16 ஆசிரியர்கள், வங்கியில் அறக்கொடை நிதி 5 லட்சம், ரிசர்வ் நிதி 7 லட்சம்.

திருவனந்தபுரத்தில் கிறிஸ்தவ சபை நடத்தும் ஒரு பயிற்சிக் கல்லூரியில் கணிதம் கற்பிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இந்த ஆய்வுகளை இரண்டு பக்கமிருந்தும் பார்த்தவர். பல வருஷம் கல்லூரித் தரப்பில் ஃபைல் அடுக்கினார். பிறகு பல்கலைக்கழகம் அனுப்பும் இணைப்பு ஆய்வுக் குழுவில் உறுப்பினராகப் போய் மற்றவர்கள் அடுக்கிய ஃபைலைப் புரட்டினார். நாகர்கோவிலில் பிறந்தவர், கல்யாணமாகித் தலைநகருக்கு வந்தவர், வீட்டில் தமிழ், கல்லூரியில் மலையாளம். கேரளத்தில் ஆசிரியை என்றால் முதல்வர் முதல் பஸ் கண்டக்டர் வரை அழைப்பது ‘டீச்சர்’ என்றுதான். பெயரும் கல்லூரியும் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கேயும் அவர் டீச்சர்தான்.

அவர் சொல்வதன் சாரம் இது. மதம் சார்ந்த கல்லூரியை அரசு ஆய்வு செய்யத்தான் வேண்டும், தாட்சண்யம் இல்லாமல் செய்ய வேண்டும். ஆனால் ஆய்வு செய்பவர்கள் பயிற்சி மாணவி பாடம் நடத்தும் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்காராதவரை அந்த ஆய்வு முடிந்ததாகாது.

திருவனந்தபுரத்தில் சபைகளின் கல்விப் பணி எவ்வளவு பெரிது என்பதைத் தெரிந்துகொள்ள எம்.சி. ரோட்டில் கேசவதாசபுரம் தாண்டி நாலாஞ்சிறைக்குப் போனால் போதும். மலங்கரை கத்தோலிக்க சபையின் பெதனி குன்று அங்கே இருக்கிறது. 1949இல் தொடங்கிய மார் இவானியோஸ் கல்லூரி, 1956இல் தொடங்கிய மார் தியோபிலஸ் பயிற்சிக் கல்லூரி, பள்ளிக்கூடம், பொறியியல் கல்லூரி எல்லாம் ஒரே வளாகத்தில். 1930இல் கத்தோலிக்க சபையோடு இணைந்த இரண்டு ஆயர்களின் பெயர்களைத்தான் அந்த இரண்டு கல்லூரிகளும் தாங்கி நிற்கின்றன. கொஞ்சம் தள்ளிப் பட்டத்தில், மாணவர் எண்ணிக்கைக்குப் பெயர்போன செயின்ட் மேரீஸ் பள்ளியும் அதே சபையுடையது. டீச்சிங் பிராக்டிஸ் காலத்தில் இந்த வழியில் ஓடும் பஸ்களில் சுருட்டிய சார்ட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரே நிறப் புடவையில் இளம்பெண்கள் ஏறுவார்கள். அவர்களில் சில சிஸ்டர்மாரும் இருப்பார்கள். துறவற உடுப்பில், அதே சார்ட்டுடன்.

சபையின் பயிற்சிக் கல்லூரிகள் அரசுப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. தேர்வையும் பட்டத்தையும் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்கிறது. கட்டடமும் நிர்வாகமும் சபையுடையவை. எய்டட் கல்லூரி என்றால் ஆசிரியர்களின் சம்பளம் அரசுக் கஜானாவிலிருந்து. இப்படி மூன்று கைகள் சேர்ந்து பிடித்திருப்பதால், யார் எதைக் கேட்கலாம் என்பதில் இந்த ஊரில் சண்டை ஓய்ந்ததே இல்லை. சிஸ்டர்மாரின் சம்பளத்தையே எடுத்துக்கொள்ளலாம். துறவற வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் வருமானத்தைச் சபையிடமே ஒப்படைத்துவிடுகிறார்கள், ஆகவே வரிப் பிடித்தம் கூடாது என்று வாதாடினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அரசு கொடுக்கும் சம்பளம் யாருடைய கணக்கில் விழுகிறதோ அவருக்கு அது சம்பளம்தான், பிடித்தம் உண்டு என்று 2024 நவம்பரில் தீர்ப்பானது.

பெரிய சண்டை அதற்கு வெகு முன்னால் நடந்தது. 1957இல் இ.எம்.எஸ். நம்பூதிரிப்பாட் அமைச்சரவையில் கல்வி அமைச்சரான ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா, தனியார் பள்ளி ஆசிரியர்களைத் தேர்வாணையத்தின் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னது. சபைகள் கொதித்தன. குடியரசுத் தலைவர் மசோதாவை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் தலைமையிலான அமர்வு 1958 மே 22இல் கருத்துச் சொன்னது. சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமை அரசியலமைப்பின் 30ஆம் பிரிவின்படி உண்டு. ஆனால் நிர்வகிக்கும் உரிமையில் கெட்டபடி நிர்வகிக்கும் உரிமை அடங்காது என்பது அதன் சாரம். மசோதா திருத்தங்களோடு சட்டமானது. 1959இல் அரசுக்கு எதிராக விமோசன சமரம் என்ற போராட்டம் மூண்டு, ஜூலை 31ஆம் தேதி அமைச்சரவையே கலைக்கப்பட்டது. முண்டசேரி மாஸ்டரின் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் திருவனந்தபுரத்தின் ஸ்டாஃப் ரூம்கள் இரண்டாகப் பிரிந்து பேசும்.

பயிற்சிக் கல்லூரிகளை நேராகத் தொட்ட வழக்கு குஜராத்திலிருந்து வந்தது. அங்கே ஒரு கிறிஸ்தவ சபை 42 தொடக்கப் பள்ளிகளையும் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியையும் நடத்திவந்தது. பயிற்சிக் கல்லூரியின் 80 சதவீத இடங்களை அரசுத் தரப்பு அனுப்பும் ஆசிரியர்களுக்கே ஒதுக்க வேண்டும், இல்லையென்றால் மானியமும் அங்கீகாரமும் போகும் என்று அரசு சொன்னது. ரெவரெண்ட் சித்தஜ்பாய் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இருப்பது இதுதான். 1962இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை அடித்துவிட்டது. அரசு ஒழுங்குபடுத்தலாம், ஆனால் அந்த ஒழுங்கு நியாயமாக இருக்க வேண்டும், நிறுவனத்தை நல்ல கல்வி நிறுவனமாக ஆக்க உதவவும் வேண்டும் என்றது நீதிமன்றம்.

கேரளத்துக்கு 1970இல் இன்னொரு தீர்ப்பு. 1969ஆம் ஆண்டின் கேரளப் பல்கலைக்கழகச் சட்டம், தனியார் கல்லூரிகளின் நிர்வாகத்தைப் புதிய குழுக்களிடம் ஒப்படைக்கச் சொன்னது. கன்னியர் சபையொன்றின் மாகாணத் தலைவியான மதர் புரொவின்ஷியல் ஒருவர் வழக்குத் தொடுத்தார். அந்தப் பிரிவுகள் சிறுபான்மை நிறுவனங்களுக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி இதயதுல்லா கூடவே ஒரு வரம்பையும் கட்டினார். கல்வியின் தரம் என்பது நிர்வாகத்தின் பகுதியல்ல. தரத்தைக் கேட்க அரசுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உரிமை உண்டு.

எம்.எட். படித்த காலத்தில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த இந்தத் தீர்ப்புகளின் அருமை வேலைக்கு வந்த பிறகுதான் டீச்சருக்குத் தெரிந்தது. ஸ்டாஃப் நியமனத்தில் கேள்வி வந்தால் நிர்வாகம் 30ஆம் பிரிவை எடுத்து வைக்கும். அது நியாயம். ஆனால் பாடத்திட்டத்தில், வருகைப் பதிவில், பயிற்சி நாட்களில் கேள்வி வந்தபோதும் சில மேனேஜர்கள் அதே காகிதத்தைத் தேடினார்கள். இதயதுல்லா சொன்ன இரண்டாம் பாதியை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை என்பது டீச்சரின் நெடுநாள் வருத்தம்.

வருத்தத்துக்குக் காரணம் எளிது. சபையின் கல்லூரியில் பயிற்சி பெற்றவர் சபையின் பள்ளிக்கு மட்டும் போவதில்லை. தேர்வாணையத்தின் (பி.எஸ்.சி.) தேர்வு எழுதி வயநாட்டில் ஓர் அரசுப் பள்ளிக்குப் போகிறார். வளைகுடாவில் இந்தியப் பள்ளியில் சேர்கிறார். அவர் முன்னால் உட்காரும் பிள்ளைக்கு 30ஆம் பிரிவு தெரியாது. 1986இல் ஆந்திரத்துப் பயிற்சி நிறுவனங்களின் வழக்கில், சரியான பயிற்சி இல்லாத ஆசிரியர்களை விவரமறியாக் குழந்தைகள்மீது அவிழ்த்துவிட முடியாது என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் கடுமையாகப் பேசியது. சிறுபான்மை நிறுவனம் என்று சொல்லிக்கொண்டாலும் தரத்திலிருந்து விலக்கில்லை. 1993இல் மதுரையின் ஒரு பெண்கள் பயிற்சி நிறுவனம் தொடுத்த வழக்கிலும் இதே கண்டிப்புத்தான்.

ஆனாலும் ஆய்வு செய்ய அதிகாரமுள்ள அமைப்பு உருவாக வெகுகாலம் ஆனது. 1973இல் வந்த தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் ஆலோசனை சொல்லும் குழுவாகத்தான் இருந்தது. 1993இல் சட்டம் இயற்றி, 1995இல் அதற்கு அதிகாரம் கொடுத்தார்கள். 13ஆம் பிரிவின்படி ஆய்வு, 14இன்படி அங்கீகாரம், 17இன்படி ரத்து, 18இன்படி மேல்முறையீடு. ரத்து செய்தாலும் உடனே கதவை மூடிவிட முடியாது. உத்தரவு கிடைத்ததற்கு அடுத்த கல்வியாண்டின் முடிவில்தான் அது அமலாகும். நடுவில் படிக்கும் பிள்ளைகளுக்கு அது பாதுகாப்பு. சட்டத்தில் யோசித்து எழுதிய இடங்களில் இதுவும் ஒன்று.

அதிகாரம் கைக்கு வந்தபின் நடந்ததை எல்லோரும் அறிவார்கள். நாடு முழுவதும் கல்லூரிகள் முளைத்தன. மகாராஷ்டிரத்தின் டி.எட். கல்லூரிகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல் முன்னாள் தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் ஆணையம் அமைத்தது. 2012இல் வந்த அறிக்கை ஆசிரியர் கல்வியின் சீரழிவை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அதன் தொடர்ச்சிதான் 2014ஆம் ஆண்டின் விதிகள். பி.எட். 2015இலிருந்து இரண்டு வருஷமானது. பள்ளியில் பயிற்சி 20 வாரமானது. பாட வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை, இன்டர்ன்ஷிப்புக்கு 90 சதவீதம்.

விதியைத் திட்டுபவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள் என்பார் டீச்சர். பழைய ஒரு வருஷ பி.எட்.டில் பள்ளிக்குப் போவதே அவசர அவசரமாகத்தான். நாற்பது லெசன் பிளான் எழுதி, நாற்பது பீரியட் எடுத்து, ரெக்கார்டை பைண்டு பண்ணினால் முடிந்தது. இருபது வாரம் என்று வந்தபின்தான் மாணவிக்கு ஒரு வகுப்பின் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழக்கம் வந்தது. இந்த மாற்றத்தைச் செய்தது அரசின் விதி. சபைகள் தாமாகச் செய்திருக்குமா என்று அவரிடம் கேட்டால் தயங்காமல் ‘இல்லை’ என்கிறார்.

ஆய்வுக் குழுவின் வேலை அந்த இருபது வாரத்தை நோக்கித் திரும்பியதா? அங்கேதான் கதை சிக்குகிறது.

கல்லூரித் தரப்பில் இருந்தபோது டீச்சரின் பொறுப்பு ஃபைல். நிலப் பத்திரம், நில உபயோகச் சான்று, கட்டட நிறைவுச் சான்று, வில்லங்கமில்லாச் சான்று, பதிவாளர் எதிர்க் கையொப்பமிட்ட ஸ்டாஃப் லிஸ்ட், சம்பளம் வங்கி வழியாகப் போனதற்கான ஸ்டேட்மென்ட். தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் கவுன்சிலான நாக் வருவதானால் இதற்கு மேல் ஏழு அளவுகோல்களுக்கும் தனித்தனி ஃபைல், சுய ஆய்வு அறிக்கை, அதில் சொன்ன ஒவ்வொரு எண்ணுக்கும் சான்று. மாதக்கணக்கில் ஆசிரியர்கள் வகுப்பை முடித்துக்கொண்டு ஸ்கேனர் முன்னால் உட்கார்ந்தார்கள். சிஸ்டர் பிரின்சிபால் இரவு எட்டு மணிக்குக் கட்டன் காப்பி அனுப்புவார். பியர் டீம் வந்தது. மரியாதையானவர்கள், படித்தவர்கள். சைக்காலஜி லேபில் கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையும் கருவியைக்கூட ஒருவர் கையிலெடுத்துப் பார்த்தார். முன்னாள் மாணவிகளைச் சந்தித்தார்கள். கலைநிகழ்ச்சியில் மார்கம்களி, ஒப்பனா, திருவாதிரைக்களி எல்லாம் இருந்தன. பக்கத்துப் பள்ளியில் அன்றைக்கும் பயிற்சி மாணவிகள் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடந்தால் பத்து நிமிஷம். யாரும் போகவில்லை. படிவத்தில் அதற்கு இடமில்லை.

குழு பார்க்காததை டீச்சர் பார்த்திருக்கிறார். ஓர் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. பயிற்சிக்கு வந்தவர் ஒரு சிஸ்டர். கூச்ச சுபாவம், குரல் பின்வரிசையை எட்டாது. பாடம் பின்னக் கூட்டல். பிளானில் ஐந்து நிமிஷம் முன்னறிவு, பத்து நிமிஷம் செயல்பாடு, அதன்பின் விதி என்று கட்டம் போட்டிருந்தது. அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் என்ன என்றதும் ஒரு பையன் எழுந்து ஐந்தில் இரண்டு என்றான். மேலே இரண்டையும் கூட்டினான், கீழே இரண்டையும் கூட்டினான், அவ்வளவுதான். பெரும்பாலான பயிற்சி மாணவிகள் இந்த இடத்தில் ‘தப்பு, உட்கார்’ என்று சொல்லி இன்னொரு பிள்ளையைக் கேட்பார்கள். சிஸ்டர் கேட்கவில்லை. பையனின் விடையைப் போர்டில் எழுதினார். பக்கத்தில் அரை என்று எழுதினார். இரண்டில் எது பெரிது என்று அவனையே கேட்டார்.

பையன் காகிதத்தில் நீளமாக ஒரு பட்டை வரைந்தான். ஐந்தாகப் பிரித்தான், இரண்டுக்கு நிழலிட்டான். நடுவில் கோடு போட்டான். நிழல் நடுக்கோட்டை எட்டவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். ‘அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கோம், அரையைவிடக் குறைஞ்சுபோச்சே!’ என்றான். வகுப்பு முழுவதும் அந்தப் பட்டையை எட்டிப் பார்த்தது. மணி அடிக்கும்போது சிஸ்டரின் பிளானில் மூன்று கட்டம் மீதி இருந்தது. விதிக்கு வரவேயில்லை. மறுநாள் அந்த விதியைப் பிள்ளைகளே கேட்டு வாங்கினார்கள்.

டீச்சர் அப்சர்வேஷன் புக்கில் ஒன்றரைப் பக்கம் எழுதினார். பிளானை முடிக்கவில்லை என்று மார்க் குறைக்க அவருக்கு மனசு வரவில்லை. அந்தப் புத்தகம் பிறகு மற்ற ரெக்கார்டுகளோடு நாடா கட்டி அலமாரியில் ஏறியது. ஆய்வுக் குழு வந்தபோது அலமாரியைக் காட்டினார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தது. கேமரா அலமாரியை மேலிருந்து கீழாக ஒருமுறை எடுத்தது.

இதற்கு நேர் எதிரான வகுப்பும் உண்டு. பல்கலைக்கழகத் தேர்வுக் குழு முன்னால் எடுப்பதற்கென்றே ஒரே பாடத்தை அதே பிள்ளைகளிடம் முன்கூட்டி ஒத்திகை பார்த்திருப்பார்கள். கேள்வி முடிவதற்குள் கைகள் உயரும். சார்ட் பளபளவென்றிருக்கும், பவர்பாயின்ட் ஓடும். பார்க்க அழகாக இருக்கும். இதில் எங்கே தப்பாக விடை சொன்ன பிள்ளை என்று டீச்சர் தேடுவார். தப்பே வராத வகுப்பில் யாரும் எதையும் புதிதாகக் கற்கவில்லை என்பது அவர் அனுபவம்.

மதம் வகுப்பறைக்குள் வருகிறதா என்ற கேள்வியையும் இந்தக் கடைசி பெஞ்சில்தான் கேட்க முடியும். கேரளத்துப் பத்தாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் ஒரு பாடம். 2023இல் என்.சி.இ.ஆர்.டி. தன் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து டார்வினை எடுத்தபோது நாடு முழுவதும் பேச்சானது. அந்தப் பாடத்தை ஒரு சிஸ்டர் எடுப்பதை டீச்சர் பக்கத்திலிருந்து பார்த்தார். குருவிகளின் அலகு, தீவுகள், இயற்கைத் தேர்வு எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி, தெளிவாக, தயக்கமில்லாமல். வேறொரு பள்ளியில் அதே பாடத்தை எடுத்த மாணவி துறவி இல்லை, சபையின் ஆளும் இல்லை. கடைசியில் பிள்ளைகளைப் பார்த்து ‘இது வெறும் தியரிதான், நம்பணும்னு கட்டாயம் இல்லே’ என்று முடித்தார். வகுப்பு முடிந்து ஸ்டாஃப் ரூமில் அவரை உட்காரவைத்து, அறிவியலில் தியரி என்றால் என்ன என்று டீச்சர் ஒரு மணி நேரம் பேசினார். உடுப்பைப் பார்த்தோ கல்லூரியின் பெயரைப் பார்த்தோ இந்த இரண்டு வகுப்புகளையும் யாரும் ஊகித்திருக்க முடியாது.

கனடாவின் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் டிரினிட்டி வெஸ்டர்ன் என்ற சுவிசேஷப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் ஆசிரியர் பயிற்சியின் கடைசி வருஷம் அரசு சார்ந்த சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருந்தது. முழுப் பயிற்சியையும் தானே நடத்த 1995இல் டிரினிட்டி அனுமதி கேட்டது. மாகாணத்தின் ஆசிரியர் கல்லூரி என்ற ஒழுங்குமுறை அமைப்பு 1996இல் மறுத்துவிட்டது. மாணவர்கள் கையெழுத்திட வேண்டிய நடத்தை விதியில் ஒருபாலுறவைப் பாவமாகச் சொல்லியிருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் பயின்றவர்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் பாரபட்சம் காட்டக்கூடும் என்பது அந்த அமைப்பின் அச்சம்.

2001 மே 17இல் தீர்ப்பு வந்தது. எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பல்கலைக்கழகத்துக்குச் சாதகமாக. நம்பிக்கை வேறு, நடத்தை வேறு என்று நீதிபதிகள் பிரித்தார்கள். அங்கே பயின்ற ஆசிரியர்கள் பள்ளிகளில் பாரபட்சம் காட்டினார்கள் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். ஆதாரம் இல்லை. மறுத்து எழுதிய நீதிபதி லெரு-டூபே, பிள்ளைகளின் பாதுகாப்புக்கு அந்த அமைப்பு முன்னெச்சரிக்கையாக இருந்தது சரிதான் என்றார். அதே பல்கலைக்கழகம் சட்டக் கல்லூரி தொடங்கக் கேட்டபோது, 2018இல் அதே நீதிமன்றம் எதிர்த்திசையில் தீர்ப்புச் சொன்னது. ஆகவே கேள்வி முடிந்துவிடவில்லை. லெரு-டூபே அம்மையாரின் அச்சமும் புறக்கணிக்கத் தக்கதில்லை. இருந்தாலும் 2001ஆம் ஆண்டுத் தீர்ப்பு கேட்ட ஆதாரம் ஒரே ஓர் இடத்தில்தான் கிடைக்கும்: அங்கிருந்து வெளியேறிய ஆசிரியர் நிற்கும் வகுப்பறையில். ஒழுங்குமுறை அமைப்பு அங்கே போய்ப் பார்த்திருந்தால், ஒன்று அதன் அச்சம் உறுதியாகியிருக்கும், இல்லையென்றால் வழக்கே வந்திருக்காது.

ஆய்வுக் குழுவின் உறுப்பினராகப் போன காலத்தில் டீச்சர் கண்டவை வேறு ரகம். ஓர் ஊரில் நூலகத்தின் அக்செஷன் ரெஜிஸ்டரைக் கேட்டார். பல வருஷங்களில் வாங்கியதாகத் தேதி போட்டிருந்த புத்தகங்கள் எல்லாம் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, மை இன்னும் பளிச்சென்று. அலமாரியில் கைவிட்டு எடுத்த புத்தகத்தின் உள்பக்கத்தில் வேறொரு நிறுவனத்தின் முத்திரையைச் சுரண்டிய தடம். இன்னோரிடத்தில் ஸ்டாஃப் லிஸ்டில் இருந்த ஓவிய ஆசிரியருக்குத் தன் வகுப்பறை எந்த மாடி என்று தெரியவில்லை. இவற்றில் மதம் சார்ந்த நிறுவனங்களும் உண்டு, சாராதவையும் உண்டு. குறைகளை எழுதிக் கையெழுத்திட்டார். அறிக்கைகள் மேலே போயின. சிலவற்றுக்குப் பதில் வந்தது, சிலவற்றுக்கு அடுத்த வருஷம் அதே கல்லூரிக்கு அதே இடங்கள் கிடைத்தன.

ஆகவே ஃபைல் பார்ப்பது வீண் என்று டீச்சர் சொல்வதில்லை. சுரண்டிய முத்திரையைக் கண்டுபிடித்தது ரெஜிஸ்டர்தான். சம்பளம் வங்கி வழியாகப் போக வேண்டும் என்ற விதி இல்லையென்றால் பாதிச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த இளம் ஆசிரியர்களுக்கு வழியே கிடையாது. நிலமும் கட்டடமும் நிதியும் அடிப்படை. அடிப்படையைப் பார்த்ததோடு ஆய்வு நின்றுவிடுகிறது என்பதுதான் குறை.

இப்போது காற்று ஆன்லைன் பக்கம் திரும்பியிருக்கிறது. ஆந்திரத்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு உயர்ந்த தரநிலை கொடுக்க லஞ்சம் வாங்கியதாக, நாக் ஆய்வுக் குழுவினரை 2025 பிப்ரவரியில் சிபிஐ கைது செய்தது. நேரில் வரும் குழுவுக்குப் பதில் ஆவணங்களையும் படங்களையும் ஏற்றினால் போதும் என்ற திசைக்கு அது வேகம் கொடுத்தது. கல்விக் கவுன்சிலும் 2024இல் எல்லாக் கல்லூரிகளிடமும் இணையவழிச் செயல்பாட்டு அறிக்கை கேட்டது. கொடுக்காதவர்களுக்கு நோட்டீஸ் போனது. லஞ்சத்தை ஒழிக்க இது உதவினால் நல்லதுதான். ஆனால் இருப்பிடக் குறி பதிந்த வகுப்பறைப் படத்தில் ஐந்தில் இரண்டு என்று சொன்ன பையன் தெரியமாட்டான்.

பி.எட். பழைய வடிவில் எவ்வளவு நாள் இருக்கும் என்பதும் கேள்விதான். நான்கு வருஷ ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்வித் திட்டம் 2023–24இல் 57 நிறுவனங்களில் சோதனையாகத் தொடங்கியது. பயிற்சிக்கென்று மட்டும் இருக்கும் சிறிய கல்லூரிகள் பல்துறைக் கல்லூரியோடு சேர வேண்டும் என்பது அதன் போக்கு. நாலாஞ்சிறை போலப் பல கல்லூரிகள் ஒரே வளாகத்தில் இருக்கும் சபைகளுக்கு இது சுலபம். கிராமப்புறத்தில் ஒற்றைக் கட்டடத்தோடு இருக்கும் மடங்களின் கல்லூரிகளுக்குக் கஷ்டம். அவற்றில் சில நல்ல ஆசிரியர்களை உருவாக்கியவை என்று டீச்சருக்குத் தெரியும். அதை நிரூபிக்க அவரிடம் எந்த ஆவணமும் இல்லை, ஏனென்றால் யாரும் அதை அளந்து வைக்கவில்லை.

நீதிமன்றத்திலும் பழைய கேள்வி புதிதாகத் திறந்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014இல் ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். 2025 செப்டம்பர் 1ஆம் தேதி நீதிபதிகள் தீபாங்கர் தத்தா, மன்மோகன் அமர்வு, ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் எல்லோரும் அந்தச் சட்டத்தின் வழிவந்த ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தேற வேண்டும் என்றது; சிறுபான்மைப் பள்ளிகளின் விஷயத்தை மட்டும் பெரிய அமர்வின் பார்வைக்கு விட்டது. தமிழ்நாட்டிலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் போன மேல்முறையீடுகள் இவை. கேரளத்தின் எய்டட் பள்ளிகளில் கே-டெட் எழுதாத மூத்த ஆசிரியர்கள் அன்று இரவு தூங்கவில்லை.

ஓய்வு பெறும் முன் டீச்சர் பல்கலைக்கழகத்துக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். ஆய்வுக் குழு வரும் நாளில், முன்னறிவிப்பு இல்லாமல், பயிற்சிப் பள்ளியில் இரண்டு பீரியட் உட்கார வேண்டும். எந்த மாணவி என்பதைக் குழுவே சீட்டுப் போட்டு எடுக்கட்டும். அப்சர்வேஷன் புக் ஐந்தை எடுத்து, ஆசிரியர் எழுதிய குறிப்பு மாணவியின் அடுத்த பாடத்தில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். முந்தின வருஷம் வெளியேறியவர்களில் சிலரை இப்போது வேலை பார்க்கும் பள்ளியில் போய்ப் பார்க்க வேண்டும். அந்தக் குறிப்பில் மதம், சிறுபான்மை, 30ஆம் பிரிவு எதுவும் இல்லை. சபையின் கல்லூரிக்கும் அரசுக் கல்லூரிக்கும் சுயநிதிக் கல்லூரிக்கும் ஒரே அளவுகோல். குறிப்பு பெறப்பட்டது என்று முத்திரையிட்ட நகல் அவரிடம் இருக்கிறது.

சொந்தக் கல்லூரியில் மட்டும் அதைச் செய்துபார்க்கச் சிஸ்டர் பிரின்சிபால் ஒப்புக்கொண்டார். முதல் வருஷம் மாணவிகள் பயந்தார்கள். சீட்டில் பெயர் வந்த ஒருத்தி அழுதேவிட்டாள். இரண்டாம் வருஷம் சில மாணவிகள் தாங்களாகவே ‘எங்க கிளாஸுக்கும் வாங்க டீச்சர்’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். டீச்சர் ஓய்வு பெற்ற பின்னும் அந்தக் கல்லூரியில் இது தொடர்கிறது. பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் படிவத்தில் இன்னும் அதற்கென்று ஒரு கட்டம் சேரவில்லை.